அமெரிக்க ஓட்டலில் ஆறு காலைகள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் நாசா நடத்தும் மாணவர் ரோவர் வண்டிப் போட்டிக்கு நம் கல்லூரியிலிருந்து ஐந்து பேர் போய் வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வண்டியை எப்படிச் செய்தோம், பெட்டி பெட்டியாகப் பிரித்து எப்படி விமானத்தில் ஏற்றினோம், எந்த மேட்டில் செயின் கழன்றது என்பதையெல்லாம் எங்கள் கேப்டன் இதே மலரில் தனியாக எழுதுகிறான். "நீ வேற ஏதாவது எழுதுடா" என்று மலர்க்குழுவினர் என்னிடம் சொன்னார்கள். அங்கே ராக்கெட்டைப் பார்த்தோம், பெரிய பெரிய பாலங்களைப் பார்த்தோம். ஆனால் ஊருக்கு வந்தபிறகும் என் மனசில் திரும்பத் திரும்ப வருவது காலைச் சாப்பாடுதான். சிரிக்காதீர்கள்! காரணம் இருக்கிறது.

என் அப்பா ஓட்டல் சப்ளையர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஒரு ஓட்டலில் இருபத்திரண்டு வருஷமாக இலை போட்டு, தண்ணீர் வைத்து, "என்ன சாப்பிடறீங்க சார்?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். அதனால் எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் போவது மெனு கார்டுக்கு அல்ல, பரிமாறுபவரின் காலுக்கு. நிற்கிற நிலையைப் பார்த்தாலே அது முதல் மணி நேரமா, எட்டாவது மணி நேரமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் நாங்கள் ஆறு காலை சாப்பிட்டோம். நான்கு நாள் வாஃபிள் ஹவுஸ், இரண்டு நாள் ஐஹாப். இரண்டும் நம் ஊர் மாதிரி ஒரே முதலாளியின் ஒரே கடை அல்ல. ஒரே பெயர், ஒரே பலகை, ஒரே மெனு என்று நாடு முழுக்கக் கிளை விரித்த சங்கிலி ஓட்டல்கள். இதன் மூதாதை ஒரு குதிரை வண்டி என்றால் நம்புவீர்களா? 1872-இல் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் ராத்திரி வேலை செய்பவர்களுக்காகக் குதிரை வண்டியில் சாப்பாடு விற்றார். அந்த வண்டிதான் மெல்ல மெல்ல ரயில் பெட்டி மாதிரி நீளமான 'டைனர்' கடையாக மாறியது. அப்புறம் அந்தக் கடைகளையே தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆளுக்கொரு கார் வந்தது. 1953-இல் கலிபோர்னியாவில் ஒரு டோனட் கடையாகத் தொடங்கியது இன்றைய டென்னிஸ். 1955-இல் அட்லாண்டாவை ஒட்டிய அவொண்டேல் எஸ்டேட்ஸ் என்ற ஊரில் ஜோ ரோஜர்ஸ், டாம் ஃபோர்க்னர் என்ற அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்து வாஃபிள் ஹவுஸைத் திறந்தார்கள். 1958-இல் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஐஹாப் வந்தது. நடுவில் 1956-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் போட ஆரம்பித்தார்கள். சாலை போன வழியெல்லாம் இந்தக் கடைகளும் போயின. இன்று வாஃபிள் ஹவுஸ் மட்டும் ஏறத்தாழ 2,000 கடைகள், 25 மாநிலங்களில். வருஷத்தில் 365 நாளும், நாளில் 24 மணி நேரமும் அடுப்பு அணைவதில்லை. டென்னிஸும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1988 கிறிஸ்துமஸுக்கு முதல்முறையாகக் கடைகளை மூடலாம் என்று முடிவு செய்தபோது, பல கடைகளின் கதவில் பூட்டே இல்லை என்பது அப்போதுதான் தெரிய வந்ததாம்!

நாங்கள் அட்லாண்டாவில் இறங்கி, நம் கல்லூரியில் பல வருஷம் முன் படித்த ஒரு சீனியர் அண்ணன் வீட்டில் ராத்திரி தங்கினோம். மறுநாள் விடியற்காலை வேனில் கிளம்பினோம். ஐந்து மாணவர்கள், எங்கள் சார், வேன் ஓட்டிய அண்ணன், ஆக ஏழு பேர். பெருஞ்சாலையில் நம் ஊர் மாதிரி ரோட்டோரம் டீக்கடை கிடையாது. ஒவ்வொரு எக்ஸிட் வருவதற்கு முன்னும் ஒரு நீலப் பலகை வரும். இறங்கினால் என்னென்ன கடை இருக்கிறது என்று அதில் கடைகளின் சின்னங்கள் இருக்கும். அண்ணன் இறக்கினார். உயரமான கம்பத்தின் மேல் பதினோரு மஞ்சள் சதுரம், சதுரத்துக்கு ஒரு கறுப்பு எழுத்து. கீழே சின்னதாக, தீப்பெட்டி மாதிரி ஒரு கட்டடம். "இதுதான் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்னு வச்சுக்கோங்கடா" என்றார் அண்ணன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். சமையலறை என்று தனியாக ஒன்று இல்லை! நீளமான கவுண்டர், அதன் முன்னால் உயர்ந்த ஸ்டூல்கள், பின்னால் அடுப்பு. தோசைக்கல்லைப் போல நான்கு மடங்கு பெரிய இரும்புத் தகடு. சமைப்பது முழுக்கக் கண்ணெதிரே. வெங்காயம் வதங்கும் வாசனையும், பன்றிக்கறி வறுபடும் வாசனையும், காபி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. லாரி ஓட்டுநர், ராத்திரி டூட்டி முடித்த நர்ஸ், பள்ளிக்கூடப் பையன்களோடு ஒரு குடும்பம், தொப்பி போட்ட தாத்தா ஒருவர் என்று பலதரப்பட்ட ஆட்கள்.

உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாஃபிள் என்பது இனிப்பு மாவை இரண்டு சூடான வார்ப்புத் தகடுகளுக்கு நடுவே ஊற்றி மூடி எடுப்பது. பவுண்டரி லேபில் கோப், டிராக் என்று படித்தோமே, அதேதான்! அச்சில் உள்ள மேடு அப்பத்தில் குழியாக வருகிறது. அந்தக் குழிகளில் வெண்ணெயும் சிரப்பும் தேங்கும். ஹாஷ் பிரவுன் என்பது துருவிய உருளைக்கிழங்கைக் கல்லில் பரப்பி முறுகலாக எடுப்பது. க்ரிட்ஸ் என்பது வெள்ளை மக்காச்சோள ரவையில் காய்ச்சிய கஞ்சி. பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் கூழ் ஞாபகம் வந்தது. ஊறுகாய்தான் இல்லை. கேப்டன் உப்பும் மிளகுத்தூளும் தூக்கலாகப் போட்டு இரண்டு கிண்ணம் இறக்கினான். எங்கள் குழுவில் முட்டைகூடத் தொடாத சுத்த சைவம் ஒருத்தி. வாஃபிள் மாவில் முட்டை. ஹாஷ் பிரவுன் வேகும் அதே கல்லில்தான் கறியும் வேகிறது. பாவம், டோஸ்டும் க்ரிட்ஸும் காபியுமாகவே நான்கு நாளைத் தள்ளினாள். காபி மட்டும் கேட்காமலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கப் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார்கள். ஆனால் அது நம் டிகாக்ஷன் காபி அல்ல, மழைத்தண்ணீர் மாதிரி இருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பரிமாறிய அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். எல்லோரையும் "ஹனி", "ஹனி" என்று கூப்பிட்டார். ஏழு பேரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போய், தரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று உரக்கச் சொன்னார். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்று அண்ணன் விளக்கினார். முதலில் 'புல்': குளிர்பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய கறி வகைகள். அடுத்து 'டிராப்': கல்லில் போட வேண்டிய ஹாஷ் பிரவுன். கடைசியில் 'மார்க்': முட்டை, வாஃபிள், மற்றவை. ஏன் இந்த வரிசை? எது வேக அதிக நேரமோ அது முதலில். நாம் பிராசஸ் பிளானிங் என்று பரீட்சையில் எழுதுகிறோமே, அதை அவர்கள் வாயால் சொல்கிறார்கள்!

அதைவிடப் பெரிய வேடிக்கை, சமையல்காரர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. சீட்டும் இல்லை, திரையும் இல்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு காலித் தட்டை எடுத்து, அதன் மேல் ஏதோ ஒரு சின்னப் பொருளை வைத்தார். தட்டின் கீழ் ஓரத்தில் ஒரு ஜெல்லி பாக்கெட் இருந்தால் கலக்கிய முட்டை. கடுகு விழுதுப் பாக்கெட், வெண்ணெய்க் கிண்ணம், ஊறுகாய்த் துண்டு என்று எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. எந்தப் பொருள், தட்டில் எந்த இடம், நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஆர்டர் மாறும். வரிசையாக எட்டுத் தட்டு. எட்டும் எட்டு வாக்கியம். சத்தத்தில் மறந்துபோனாலும் தட்டு மறக்காது. ஷிப்ட் மாறி வேறு ஆள் வந்து நின்றாலும் அவரும் அந்தத் தட்டைப் படித்துவிடலாம்.

ஹாஷ் பிரவுனுக்குக்கூடத் தனி பாஷை. 'ஸ்கேட்டர்ட்' என்றால் கல்லில் பரப்பிப் போட வேண்டும். 'ஸ்மதர்ட்' என்றால் வெங்காயம், 'கவர்ட்' என்றால் சீஸ், 'டைஸ்ட்' என்றால் தக்காளி, 'பெப்பர்ட்' என்றால் மிளகாய். நம் ஓட்டலில் "ரெண்டு ரோஸ்ட், ஒண்ணு முறுகலா, ஒரு ஆனியன் ஊத்தப்பம்!" என்று உள்ளே குரல் போவதில்லையா, அந்தக் குரலின் அமெரிக்கத் தம்பி இது.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா ஐந்தாவது வரை படித்தவர். எட்டு டேபிளை ஒரே நேரத்தில் மண்டையில் வைத்திருப்பார். யாருக்கு சாம்பார் வேண்டாம், யாருக்கு இரண்டாவது காபி, யார் டிபன் முடித்து பில்லுக்குக் காத்திருக்கிறார் என்று எல்லாம் தலைக்குள். ராத்திரி படுத்தபின்னும் தூக்கத்தில் "மூணாம் நம்பர், ஒரு பூரி" என்று முனகுவார். அந்தப் பாரம் முழுக்க ஒரு மனுஷனின் மூளை மேல். வாஃபிள் ஹவுஸில் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்து, அந்தப் பாரத்தை மூளையிலிருந்து தூக்கித் தட்டின் மேல் இறக்கி வைத்திருக்கிறான். பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. ஜெல்லி பாக்கெட்தான். இதுவல்லவோ இன்ஜினியரிங் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பேரிடர் துறைத் தலைவராக இருந்த கிரெய்க் ஃப்யூகேட் என்பவர், புயல் அடித்த ஊரின் நிலைமையை அறிய வாஃபிள் ஹவுஸ் திறந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். முழு மெனு கிடைத்தால் பச்சை. குறைந்த மெனு என்றால் மஞ்சள். கடையே மூடியிருந்தால் சிவப்பு, அதாவது நிலைமை மிக மோசம். 2011-இல் மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி நாசமாக்கியபோதும் அங்கிருந்த வாஃபிள் ஹவுஸ்கள் இயங்கின. கரண்ட் இல்லாவிட்டால் என்ன சமைப்பது, தண்ணீர் இல்லாவிட்டால் எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே திட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு இட்லிக் கடையைப் பார்த்து கலெக்டர் வெள்ள நிலவரம் தெரிந்துகொள்வதைப் போலத்தான்!

சாப்பிட்டு முடித்து மறுபடி வேனில் ஏறினோம். அட்லாண்டாவிலிருந்து பர்மிங்ஹாம் போகும் சாலை. ஆனிஸ்டன் என்ற ஊர்ப் பெயர்ப் பலகை வந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இப்ப நாம போய் உட்கார்ந்த உடனே காபி ஊத்தினாங்கல்ல, அது எல்லாருக்கும் சும்மா கிடைச்சதில்லடா" என்று ஆரம்பித்தார்.

இந்தத் தென் மாநிலங்களில் 1960-கள் வரை கறுப்பின மக்கள் வெள்ளையர் சாப்பிடும் இடத்தில் உட்கார முடியாது. பிரயாணம் போனால் எந்த ஊரில் தங்க இடம் தருவார்கள், எங்கே சோறு போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளவே ஒரு கையேடு இருந்தது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் நியூயார்க்கில் தொடங்கியது. அதன் பெயரே 'கிரீன் புக்'. பஸ் நிலையங்களில் உள்ள இந்தப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பிரயாணம் செய்த ஒரு பஸ்ஸை, 1961 மே 14 அன்று இதே ஆனிஸ்டன் அருகே ஒரு கும்பல் கொளுத்தியது. 1964-இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. ஓட்டலிலும் விடுதியிலும் நிறம் பார்க்கக் கூடாது என்றது. அதை எதிர்த்து அட்லாண்டாவில் ஒரு விடுதிக்காரரும், பர்மிங்ஹாமில் ஒரு ஓட்டல்காரரும் வழக்காடினார்கள். இரண்டு வழக்கிலும் 1964 டிசம்பர் 14 அன்று உச்சநீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. நாங்கள் காலையில் கிளம்பிய ஊரும், மதியத்துக்குள் கடக்கப்போகும் ஊரும்!

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1993-இல் மேரிலாந்தின் அன்னாபொலிஸ் நகரில் டென்னிஸ் கடை ஒன்றுக்கு, அதிபரின் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர்கள் காலை உணவுக்குப் போனார்கள். வெள்ளை அதிகாரிகளுக்குத் தட்டு வந்தது. கறுப்பின அதிகாரிகள் ஆறு பேர் காத்துக்கொண்டே இருந்தார்கள். வழக்கு நடந்தது. இதுவும் இதுபோன்ற மற்றப் புகார்களும் சேர்ந்து, 1994-இல் அந்நிறுவனம் 5 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதன்பின் நிர்வாகமே மாறி, 2000-இல் சிறுபான்மையினர் வேலை செய்ய மிகச் சிறந்த நிறுவனம் என்று ஃபார்ச்சூன் பத்திரிகையின் பட்டியலில் முதலிடம் பெற்றது. கேட்டுக்கொண்டிருந்த எங்கள் சார், "இரட்டைக் குவளைன்னு எங்க தாத்தா சொல்வார்ப்பா" என்று மட்டும் சொன்னார். வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த வார்த்தையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் இன்னும் இரண்டு பேர் இருந்தோம்.

சரி, பில்லுக்கு வருவோம்.

செலவுக் கணக்கு என் பொறுப்பு. முன்னாள் மாணவர்கள் திரட்டிக் கொடுத்த பணம். ஒவ்வொரு டாலருக்கும் ரசீது வேண்டும். முதல் நாள் பில் ஏழு பேருக்குச் சேர்த்து எண்பது டாலர். அண்ணன் அமைதியாக, "இதுக்கு மேல பதினாறு டாலர் வைக்கணும்" என்றார். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பதினாறு டாலர் என்றால் ஆயிரத்து முன்னூறு ரூபாய்க்கு மேல்!

"டிப்ஸுக்கா? ரெண்டு டாலர் வச்சா போதாதா அண்ணே?" என்றான் கேப்டன்.

"பட்ஜெட்ல அந்தத் தலைப்பே இல்லையேப்பா" என்றார் சார்.

"இஷ்டம் இருந்தா வைக்கிறதுதானே டிப்ஸ். கட்டாயம்னா அது வரி" என்றாள் சைவத் தோழி. அவள் சாப்பிட்டதோ டோஸ்ட்.

அன்று அண்ணன்தான் கொடுத்தார். ஆனால் ராத்திரி ஹன்ட்ஸ்வில் அறையில் இந்தப் பேச்சு மறுபடி வந்தது. அப்போதுதான் அண்ணன் அந்த நாட்டுச் சட்டத்தைச் சொன்னார். அமெரிக்காவின் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-இலிருந்து அதுதான். ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலைக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டுமே! இது 1991-இலிருந்து மாறவே இல்லை. நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னிருந்தே இதே தொகை. மீதி டிப்ஸில் வர வேண்டும். டிப்ஸ் சேர்த்தும் 7.25 வராவிட்டால் குறையும் தொகையை முதலாளி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த முறையை ஒத்துக்கொள்ளாமல் முழுக் கூலி கொடுக்க வைக்கின்றன. ஜார்ஜியாவும் அலபாமாவும் அப்படி அல்ல. வாஃபிள் ஹவுஸ் நிறுவனம் 2024-இல் பரிமாறுபவர்களின் அடிப்படைக் கூலியை 3 டாலராக்கி, 2026-க்குள் படிப்படியாக 5 டாலர் 25 சென்ட் ஆக்குவதாக அறிவித்தது. அதுவும் ஊழியர்கள் குரல் கொடுத்த பிறகு.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் சார் முதல் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. "பாரம் எங்கேயும் காணாமப் போகாதுப்பா. ஒரு இடத்துல இருந்து எடுத்தா, இன்னொரு இடத்துல உட்காரும். எங்க உட்காருதுன்னு பாக்கிறதுதான் உங்க வேலை." ஆர்டரை ஞாபகம் வைக்கும் பாரத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார்களே, அது நல்ல வேலை. தட்டுக்கு வலிக்காது. ஆனால் கூலி கொடுக்கும் பாரத்தையும் எடுத்து, வந்து போகிறவன் மனசின் மேல் வைத்திருக்கிறார்கள். அவன் மனசு நல்லா இருந்தால் அந்த அம்மாவுக்கு வாடகை. அவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால்? மழை பெய்து ஆளே வராவிட்டால்? பாரம் தாங்கும் தூண் அதன் பிறகு அவருடைய சிரிப்புதான். அந்த "ஹனி"யும் அதில் சேர்ந்ததுதானோ என்று நினைத்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் விடியற்காலை கடைக்குக் கிளம்புமுன் நான் குழுவிடம் பேசினேன். "எங்கப்பா இந்த வேலைதான் பாக்கிறார்னு உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஓனர் தினக்கூலி தர்றார், ரெண்டு வேளை சாப்பாடு. டிப்ஸ் மேல வர்றது. அதுவும் ஜிபே வந்தப்புறம் சில்லறை வைக்கிற ஆளே குறைஞ்சாச்சு. இங்க அந்தச் சில்லறைதான் சம்பளமே. நாம வைக்கலைன்னா இலவசமா வேலை வாங்கின மாதிரி ஆயிடும். இருபது சதவீதம் வைப்போம். பணம் பத்தலைன்னா ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், ரெண்டு பேர் ஒரு ஹாஷ் பிரவுன்."

யாரும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கேப்டன் காகிதத்தில் கணக்குப் போட்டான். மீதி ஐந்து காலைக்கும் சேர்த்து எண்பது டாலர். ரோவருக்கு உபரிச் செயின் வாங்க வைத்திருந்த பணத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். "ஜூஸ் போச்சு, பான்கேக் போச்சு, செயினைத் தொடாம பாத்துக்கலாம்" என்றான் கடைசியில். சைவத் தோழி, "நான் டோஸ்ட்தான் தின்றேன், என் பங்கு ஜூஸ் எப்பவோ போச்சு" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சார் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். "டிப்ஸ்னு எழுதினா ஆடிட்ல கேப்பாங்க" என்றார். பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கி, காலை உணவுக்குக் கீழே புதிதாக ஒரு தலைப்பைத் தன் கையால் எழுதினார்: 'பரிமாறியவர் கூலி'. பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். நண்பர்களே, இந்தப் பிரயாணத்தில் நான் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எது என்று கேட்டால், அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ்தான்.

கடைசி நாள் காலை ஆறு மணிக்குப் போனோம். அங்கே ராத்திரி ஷிப்ட் ஒன்பது மணிக்குத் தொடங்கி காலை ஏழுக்கு முடியும். பரிமாறிய பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். ஒன்பது மணி நேரம் நின்ற கால். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் டி-ஷர்ட்டைப் பார்த்து என்ன போட்டி என்று விசாரித்தார். நிலாவில் ஓடுகிற மாதிரி கால் மிதி வண்டி என்றதும், "நீங்களே செய்தீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். தானும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் வெல்டிங் படிப்பதாகச் சொன்னார். நம் பாலிடெக்னிக் மாதிரிதான் அது. பிறகு ஐந்து நிமிஷம் ஓட்டலில் டிக் வெல்டிங் பற்றிப் பேச்சு! அடுப்பிலிருந்து குரல் வந்ததும் ஓடிவிட்டார். போகும்போது என் கப்பை நிரப்ப மறக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மா போட்டோ கேட்டாள். தங்கை சாக்லேட் கேட்டாள். அப்பா ராத்திரி வேலை முடிந்து வந்து, கால் கழுவி, பாயில் உட்கார்ந்தபிறகு மெதுவாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க சப்ளையருக்கு என்ன தர்றாங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். 2 டாலர் 13 சென்ட் என்றதும், "ரூபாயில எவ்வளவு?" என்றார். நூற்றெண்பது ரூபாய்க்குக் கிட்டே, ஒரு மணி நேரத்துக்கு என்றேன். அது அவருக்கு அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அங்கே ஒரு சாப்பாடே ஆயிரம் ரூபாய் என்றதும் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். "அப்ப தான் வைக்கிற தட்டை, அஞ்சு மணி நேரம் நின்னாத்தான் தானே வாங்கித் திங்க முடியும்" என்றார். எந்தப் பொருளாதாரப் புத்தகமும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. தட்டில் ஜெல்லி பாக்கெட் வைக்கும் முறையைச் சொன்னபோதுதான் அப்பா முகம் மலர்ந்தது. தட்டு ஒன்றை எடுத்துவரச் சொல்லி, எந்த இடத்தில் வைத்தால் என்ன அர்த்தம் என்று காட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒன்றைக் காட்டினேன். "நல்லா யோசிச்சிருக்கான்" என்றார். பிறகு ஒரு கொத்தமல்லித் தழையைத் தட்டின் ஓரத்தில் வைத்து, "இது பொடி தோசை" என்றார்.

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகவோ டிரெய்னியாகவோ நிற்கப்போகிறோம். "இந்த லைனில் நேரத்தைக் குறை, செலவைக் குறை" என்று நம்மிடம் சொல்வார்கள். குறைப்போம், அதற்குத்தானே படித்தோம்! ஆனால் குறைத்த பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம். அது தட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் நாம் நல்ல இன்ஜினியர்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் காலின் மேல் உட்கார்ந்திருந்தால், டிராயிங்கை மறுபடி போட வேண்டும்.